தலையீற்றும் பரிசுக் காளையும்

கால்நடைக் கண்காட்சியில் நடுவர் ஆராய்ந்து தீர்ப்பளிப்பவை முதுகின் நேர்மை, தொடையின் திரட்சி, நடையின் சீர், மயிரின் அடர்த்தி போன்ற கண்ணுக்குப் புலப்படும் உடல் நலன்களே ஆகும். பரிசு பெற்ற காளைக்குச் சினைப்பட்ட இளம்பசு தன் முதற்கன்றை உயிருடன் ஈன்றதா, ஈன்றபின் எழுந்து நின்று அதற்குப் பாலூட்டியதா என்பதைக் களத்தில் நிற்கும் எவரும் காண இயலாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவாகி, அடுத்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் வேரூன்றிய இறைச்சி மாட்டுக் கண்காட்சி மரபு, தோன்றிய நாள் முதலே இந்தக் குறையைத் தன்னுள் கொண்டிருந்தது. களத்தில் எந்த உடலமைப்பு போற்றப்பட்டாலும், அது மிகையாகும்போது விளையும் தீங்கு பெரும்பாலும் கன்று பிறக்கும் கொட்டகையில்தான், அதிலும் தலையீற்றுக் கிடேரிகளிடத்தில்தான் முதலில் வெளிப்பட்டது. அந்தக் கொட்டகையின் அனுபவம் பொலிகாளைத் தேர்வுக்குள் சிறிது சிறிதாக இடம்பெற்ற வரலாறே இங்கு ஆராயப்படுகிறது.

கிடேரி என்பது இன்னும் கன்று ஈனாத இளம்பசு. அது 14 அல்லது 15 மாத வயதில் சினைப்படுத்தப்பட்டால், ஏறத்தாழ 283 நாள் சினைக்காலம் முடிந்து இரண்டு வயதில் ஈனும். அப்போது அதன் எலும்புக்கூடு முழு வளர்ச்சி அடைந்திருக்காது என்பதால், கன்று வெளிவர வேண்டிய இடுப்புக்கூட்டின் வழியும் குறுகியதாகவே இருக்கும். கன்றின் பிறப்பெடையோ தாயை மட்டும் பொறுத்ததன்று; தந்தைக் காளையின் மரபும் அதில் சமபங்கு கொள்கிறது. ஆகவே பலமுறை ஈன்ற பசு எளிதில் ஈன்றுவிடும் ஒரு காளையின் கன்று, தலையீற்றுக் கிடேரியின் பிறப்புவழியில் சிக்கித் தாயும் கன்றும் இறப்பதற்குக் காரணமாகலாம். முற்காலத்தில் பெரும்பாலான பண்ணைகள் மூன்று வயதில் முதல் ஈற்று நிகழுமாறு பார்த்துக்கொண்டன. இரண்டு வயதில் ஈனச் செய்யும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியபோது, ஓராண்டுத் தீவனச் செலவு மிச்சமாயிற்று என்றாலும், கிடேரிக்கு எந்தக் காளையைச் சேர்ப்பது என்ற கேள்வி முன்னிலும் கூர்மை பெற்றது.

திட்டமிட்ட இனப்பெருக்கத்தின் முன்னோடியாகக் கருதப்படுபவர் லெஸ்டர்ஷயரின் டிஷ்லியில் பண்ணை நடத்திய ராபர்ட் பேக்வெல் (1725–1795). நெருங்கிய இரத்த உறவுடைய விலங்குகளையே மீண்டும் மீண்டும் இணைத்து விரும்பிய பண்புகளை நிலைநிறுத்தும் அவருடைய முறையை, டார்லிங்டன் அருகே கெட்டனில் வாழ்ந்த சார்லஸ் காலிங்கும் பார்ம்ப்டனில் வாழ்ந்த அவருடைய அண்ணன் ராபர்ட் காலிங்கும் ஷார்ட்ஹார்ன் எனப்படும் குறுங்கொம்பு இனத்தில் கையாண்டனர். 1804இல் பிறந்த காமெட் என்ற காளையின் தந்தை ஃபேவரிட். தாயோ அதே ஃபேவரிட் தன் சொந்தத் தாயைச் சினைப்படுத்தியதால் பிறந்த பசு. இத்தகைய நெருக்கமான உறவில் தோன்றிய காமெட் 1810ஆம் ஆண்டு கெட்டன் ஏலத்தில் 1,000 கினி விலைக்குப் போனது, அதுவரை எந்தக் காளைக்கும் கிடைத்திராத தொகையாகும். ஆயினும் பொதுமக்களிடையே ஷார்ட்ஹார்ன் இனத்தின் புகழைப் பரப்பியவை வேறு இரு விலங்குகள்: ஊர் ஊராக வண்டியில் கொண்டு செல்லப்பட்டுக் கட்டணத்திற்குக் காட்டப்பட்ட டர்ஹாம் எருது ஒன்று, ராபர்ட் காலிங் வளர்த்து, ‘பயணம் செய்த வெள்ளைக் கிடேரி’ என்று பெயர் பெற்ற பசு மற்றொன்று. 1796இல் பிறந்த அந்த எருது 1801இல் ஏறத்தாழ 1,370 கிலோ எடை கொண்டிருந்தது. ஆனால் அது காயடிக்கப்பட்டது. வெள்ளைக் கிடேரியோ ஒரு காளைக்கன்றுடன் இரட்டையாகப் பிறந்தது; அவ்வாறு பிறக்கும் பெண்கன்றுகள், கருப்பையில் ஆண்கன்றின் இரத்தத்துடன் கலப்பு ஏற்படுவதால், பெரும்பாலும் மலடாகும். இனத்தின் பெருமையை நாடு முழுவதும் பறைசாற்றிய இரு விலங்குகளும் ஒரு கன்றைக்கூட உலகிற்குத் தரவில்லை என்பது, கண்காட்சி மரபு எதை மதித்தது என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது.

1798இல் லண்டனில் தோன்றிய ஸ்மித்ஃபீல்டு சங்கம் கொழுத்த மாடுகளுக்கான ஆண்டுக் கண்காட்சியை நடத்தியது. 1822இல் வெளிவந்த கோட்ஸின் பதிவேடு ஷார்ட்ஹார்ன் மாடுகளின் தாய்தந்தையர் வழியை அச்சில் ஏற்றியது. 1839இல் ஆக்ஸ்ஃபோர்டில் தன் முதற்கண்காட்சியை நடத்திய இங்கிலாந்தின் அரச வேளாண்மைச் சங்கம், கொல்லப்படும் மாடுகளை விட்டு இனப்பெருக்கத்திற்குரிய மாடுகளுக்குப் பரிசளித்தது. பின்னதில் ஒரு சிக்கல் எழுந்தது. களத்தில் வெல்லும் பொருட்டுப் பிண்ணாக்கும் பாலும் தானியமும் ஊட்டிக் கொழுக்க வைக்கப்பட்ட கிடேரிகளில் பல சினைப்பிடிக்கத் தவறின. சினைப்பிடித்தவற்றிலும் இடுப்புக்கூட்டின் உட்புறம் கொழுப்புப் படிந்து பிறப்புவழி குறுகியமையால் ஈற்று கடினமாயிற்று. இதனைக் கட்டுப்படுத்தும் நோக்கில், சினையுற்றதாகக் காட்டப்படும் கிடேரி குறித்த காலத்திற்குள் கன்று ஈன்றதற்கான சான்றினை உரிமையாளர் அளிக்கும்வரை பரிசுத்தொகையை நிறுத்திவைக்கும் விதி வகுக்கப்பட்டது. கண்ணால் அளக்க முடியாத ஒரு பண்பைக் கண்காட்சியின் தீர்ப்புடன் இணைக்க முயன்ற தொடக்ககால ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்றாகும்.

ஆனால் விதிகளைவிடச் சந்தையின் மோகம் வலியதாக இருந்தது. கெட்டன் ஏலத்தில் வாங்கிய ஒரு பசுவிலிருந்து தாமஸ் பேட்ஸ் கிர்க்லெவிங்டனில் வளர்த்தெடுத்த ‘டச்சஸ்’ குடும்பம், தலைமுறைதோறும் தன்னுள்ளேயே இணைக்கப்பட்டதால் அழகும் ஒருமையும் பெற்றது; கூடவே எளிதில் சினைப்பிடிக்காத தன்மையும் அதனிடம் ஊறியது. கன்றுகள் அரிதாகப் பிறந்ததே அவற்றின் விலையை மேலும் உயர்த்தியது என்பது அக்காலச் சந்தையின் விந்தை. 1873ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் நியூயார்க் மில்ஸில் நடந்த ஏலத்தில் அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பசு 40,600 டாலருக்கு விற்கப்பட்டது. அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் சிட்டிட்டன் பண்ணையை நடத்திய ஏமஸ் குரூக்ஷாங், வம்சாவளிப் பெருமையைப் பின்தள்ளி, குளிர்ந்த நிலத்தில் விரைவில் பருத்து ஒழுங்காகக் கன்று ஈனும் மாடுகளையே தேர்ந்தெடுத்தார். பிற்கால அமெரிக்க ஷார்ட்ஹார்ன் மந்தைகளைப் பெரிதும் உருவாக்கியவை அவருடைய மாடுகளே.

கிடேரிகளின் வரலாற்றில் இதைவிடவும் முதன்மையான இடம் பெறுவது, அதே வடகிழக்கு ஸ்காட்லாந்தில் உருவான கொம்பில்லாக் கறுப்பு இனமாகிய அபர்டீன் ஆங்கஸ். கீலர் பண்ணையின் ஹியூ வாட்சன் வளர்த்த ‘ஓல்டு கிரானி’ என்ற பசு 35 ஆண்டு வாழ்ந்து 29 கன்றுகளை ஈன்றதாகக் கூறப்படுவதும், அந்தப் பசுவின் பெயர் இனத்தின் தொன்மக் கதைகளுள் ஒன்றாக நிலைத்ததும், அப்பகுதியினர் ஈற்றுத்திறனுக்கு அளித்த மதிப்பைப் புலப்படுத்துகின்றன. 1873இல் ஜார்ஜ் கிராண்ட் என்பவர் நான்கு ஆங்கஸ் காளைகளைக் கன்சாஸ் மாநிலத்தின் விக்டோரியாவுக்குக் கொண்டுவந்து, டெக்சாஸ் நெடுங்கொம்புப் பசுக்களுடன் சேர்த்தார். பிறந்த கன்றுகளில் கொம்பு இல்லை; எடையும் மிதமாக இருந்தது; குளிரையும் தாங்கின. ‘கிடேரிக்கு ஆங்கஸ் காளை’ என்ற வழக்கு மேய்ச்சல் நிலங்களில் நிலைபெற்றதற்கு இந்த மிதமான பிறப்பெடையே அடிப்படையாகும்.

1900இல் சிகாகோவின் இறைச்சிச் சந்தை வளாகத்தில் தொடங்கிய சர்வதேசக் கால்நடைக் கண்காட்சியும், 1906இல் டென்வரில் தொடங்கிய தேசிய மேற்கத்தியக் கண்காட்சியும் அமெரிக்காவில் எந்த வடிவ மாடு மதிக்கப்பட வேண்டும் என்பதை வகுத்தன. 1930களுக்குப் பின்னர் களம் விரும்பியது குட்டையான கால்களும் அகன்ற உடலும் கொண்ட, விரைவில் கொழுக்கும் மாட்டை. 1950களில் பரிசு பெற்ற காளைகள் சில, அருகில் நிற்பவரின் இடுப்புவார் உயரத்தையே எட்டின. அவ்வாண்டுகளில் ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் இனப் பண்ணைகளில் புடைத்த நெற்றியும் மூச்சுத் திணறலும் கொண்ட குள்ளக் கன்றுகள் பிறக்கலாயின. மூச்சு விடும்போது எழுந்த ஒலியை ஒட்டி அவை ‘சீறும் குள்ளர்’ என்று அழைக்கப்பட்டன. ஆய்வாளர்கள் அதன் காரணத்தை ஒடுங்கு மரபணு ஒன்றிடம் கண்டனர்: தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மரபணு வந்தால்தான் கன்று குள்ளமாகும், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கன்று நலமாகவே தோன்றும், ஆனால் சற்றே குட்டையாகவும் திரண்டும் இருக்கும். களத்தின் நடுவர்கள் தேடியது துல்லியமாக அந்தத் திரட்சியைத்தான். குறையைச் சுமந்த விலங்கையே சிறந்ததெனத் தேர்ந்தெடுத்துக் காளையாக்கியதன் விளைவாக, கேடு அவ்வினங்களில் பரவியது.

மரபணுச் சோதனை இல்லாத அக்காலத்தில் ஒரு காளை குற்றமற்றது என்று நிறுவுவதற்கு ஒரே வழி, அக்குறையைச் சுமப்பதாக ஏற்கெனவே அறியப்பட்ட பசுக்களுடன் அதனை இணைத்துப் பார்ப்பதுதான். காளையும் குறையைச் சுமந்தால் நான்கில் ஒரு கன்று குள்ளமாகப் பிறக்கும்; தொடர்ந்து 16 கன்றுகள் நலமாகப் பிறந்தால் அக்காளை குறையற்றது என்பதை 99 சதவீத உறுதியுடன் கூறலாம். நடுவரின் கண் தவறவிட்டதை ஈற்றுக் கொட்டகையின் கணக்கு திருத்திய முதற்பெரும் நிகழ்வு இது. புகழ்பெற்ற வம்சங்கள் பல விற்பனையின்றி ஒழிந்தன. பரிசுப் பட்டயம் காளையின் தரத்திற்குப் போதிய சான்றாகாது என்ற எண்ணம் வளர்ப்போரிடையே பரவியது.

குட்டை மாட்டின் வீழ்ச்சிக்குப் பின் ஊசல் எதிர்த்திசையில் ஆடியது. கோமாரி நோய் அச்சத்தால் ஐரோப்பிய மாடுகளின் இறக்குமதி நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்த நிலையில், 1965இல் கனடா செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலுள்ள கிரோஸ் ஈல் தீவில் ஒதுக்கிவைப்பு நிலையம் அமைத்துப் பிரான்சின் ஷாரோலே மாடுகளை ஏற்றது. சிமெண்டால், லிமூசின், மேன்-ஆஞ்சு ஆகியவை அடுத்தடுத்து வந்தன. 1969இல் சிகாகோ கண்காட்சியில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் குட், ‘கானகோ’ என்ற ஷாரோலே–ஆங்கஸ் கலப்பினக் காயடித்த காளைக்குத் தலைமைப் பரிசளித்தார். பெரும்பாலும் தூய இனங்களே வென்றுவந்த அக்களத்தில் உயரமும் தசையும் கொண்ட கலப்பினம் வென்றது, வளர்ப்போரின் நோக்கையே மாற்றியது. 1980களில் இடுப்பு உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டிய காளைகள் களத்தில் முன்நின்றன.

உயரமும் வேகமான வளர்ச்சியும் பிறப்பெடையுடன் மரபுவழியாகப் பிணைந்தவை. ஓராண்டில் பெரிதாக வளரும் கன்று பிறக்கும்போதும் பெரிதாகவே இருக்கும் வாய்ப்பு மிகுதி. சிறிய உடல்கொண்ட ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு கிடேரிகளுக்கு ஷாரோலே அல்லது சிமெண்டால் காளையைச் சேர்த்த பண்ணைகளில், ஈற்றுத் தடை, அதாவது உதவியின்றிக் கன்று வெளிவர இயலாத நிலை, என்றுமில்லாத அளவுக்குப் பெருகியது. நெப்ராஸ்காவின் கிளே சென்டரில் உள்ள மத்திய அரசின் இறைச்சி விலங்கு ஆய்வு மையமும், மொன்டானாவின் மைல்ஸ் சிட்டியில் உள்ள ஃபோர்ட் கியோ ஆய்வு நிலையமும் இச்சிக்கலை முறையாக ஆராய்ந்தன. ஈற்றுத் தடைக்கான காரணங்களுள் கன்றின் பிறப்பெடையே முதன்மையானது, தாயின் இடுப்புக்கூட்டின் பரப்பு அதற்கு அடுத்தது என்ற முடிவு அவற்றின் மூலம் உறுதிப்பட்டது.

அந்த ஆய்வுகள் நெடுநாள் நம்பிக்கைகள் சிலவற்றையும் அசைத்தன. சினையின் கடைசி மாதங்களில் கிடேரியைப் பட்டினி போட்டால் கன்று சிறுத்து எளிதில் பிறக்கும் என்று பலர் நம்பினர். சோதனையில், கன்றின் எடை சற்றுக் குறைந்தாலும் தடை குறையவில்லை, தாய் வலுவிழந்து முக்க இயலாமல் போயிற்று, கன்று தளர்ந்து பிறந்தது, அடுத்த சினையும் தாமதமாயிற்று. கண்காட்சிக் கிடேரிகளைப் போல மிகையாக ஊட்டுவதும், தீவனத்தைக் கடுமையாகக் குறைப்பதும் ஒரே இடத்தில் வந்து முடிந்தன. முதிர்ந்த எடையில் ஏறத்தாழ 65 சதவீதத்தை எட்டிய பின்னரே காளையுடன் சேர்ப்பது, அதற்குமுன் மலக்குடல் வழியாக அளவுகோலைச் செலுத்தி இடுப்புக்கூட்டின் உயர அகலங்களை அளந்து மிகக் குறுகியவற்றைக் கழிப்பது, சினைக்காலம் முழுவதும் மிதமான உடற்கட்டைக் காப்பது ஆகியவை நெறிகளாக உருவாயின.

ஈற்று நேரத்தில் எப்போது கைகொடுப்பது என்பதிலும் மாற்றம் வந்தது. ஈற்று மூன்று கட்டங்களில் நிகழ்கிறது: கருப்பை வாய் தளர்ந்து திறக்க, மாடு அமைதியிழந்து ஒதுங்கி நிற்கும் முதற்கட்டம், பனிக்குடம் தோன்றிக் கன்று வெளிவரும் இரண்டாம் கட்டம், நஞ்சுக்கொடி விழும் மூன்றாம் கட்டம். முழுவளர்ச்சி பெற்ற பசு இரண்டாம் கட்டத்தை அரை மணிக்குள் முடித்துவிடும்போது, கிடேரிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தேவைப்படுகிறது என்று மைல்ஸ் சிட்டியின் கணிப்புகள் காட்டின. அக்கட்டம் மேலும் நீண்டால் கன்றின் உயிருக்கு இடர் நேர்வதோடு, தாய் மீண்டும் சினைப்பிடிப்பதும் பிந்தியது. ஆகவே பல மணி நேரம் காத்திருக்கும் பழைய வழக்கம் கைவிடப்பட்டு, முன்னேற்றம் இல்லையெனில் விரைவில் உட்சோதனை செய்து கன்றின் கிடப்பை அறிவது, சங்கிலியைக் கணுக்காலுக்கு மேலும் கீழும் இருமுறை சுற்றி இழுவிசையைப் பகிர்வது, தாய் முக்கும்போது மட்டும் ஒரு காலை மாற்றி ஒரு காலாக இழுப்பது, தலையும் தோள்களும் வெளிவந்ததும் தாயின் குளம்புகளை நோக்கிக் கீழ்ப்புறமாக இழுப்பது என்ற முறை வகுக்கப்பட்டது. இரவுக் காவலின் சுமையைக் குறைக்க, 1970களில் கனடாவின் மனிடோபாவைச் சேர்ந்த ஹியர்ஃபோர்டு வளர்ப்பாளர் கஸ் கோனெஃபல், சினைமாடுகளுக்கு நண்பகலிலும் இரவு படுக்குமுன்னும் தீவனமிட்டால் பெரும்பாலானவை பகலில் ஈனுவதைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அம்முறை இன்றும் வழங்குகிறது.

மேலாண்மை மட்டும் போதாது, காளையையே எண்ணால் மதிப்பிட வேண்டும் என்ற முயற்சி இதற்கு இணையாக வளர்ந்தது. 1949இல் கிளிசரினைக் கொண்டு விந்தை உறையவைக்கும் முறை கண்டறியப்பட்டதால், ஒரே காளையின் கன்றுகள் நூற்றுக்கணக்கான பண்ணைகளில் பிறந்தன; அவற்றை ஒப்பிடும் புள்ளியியல் முறையைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெண்டர்சன் உருவாக்கினார். 1971இல் அமெரிக்க சிமெண்டால் சங்கம் இறைச்சி இனங்களுள் முதன்முதலாகக் காளைகளின் மதிப்பீட்டுத் தொகுப்பை வெளியிட்டது. இன்று வழங்கும் சந்ததி வேறுபாட்டு மதிப்பு, ஒரு காளையின் கன்றுகள் மற்றொரு காளையின் கன்றுகளிலிருந்து சராசரியாக எவ்வளவு வேறுபடும் என்பதைக் குறிக்கிறது: பிறப்பெடைக்குரிய மதிப்பு ஒரு காளைக்கு 1 பவுண்டும் மற்றொன்றுக்கு 6 பவுண்டும் எனில், ஒரே தரத்துப் பசுக்களில் இரண்டாவதன் கன்றுகள் சராசரியாக 5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.3 கிலோ, கூடுதல் எடையுடன் பிறக்கும். இத்துடன் காளையின் கன்றுகள் கிடேரிகளிடமிருந்து உதவியின்றிப் பிறக்கும் வாய்ப்பை நேர் ஈற்றெளிமை என்றும், காளையின் மகள்கள் தம் முதற்கன்றை உதவியின்றி ஈனும் வாய்ப்பைத் தாய்வழி ஈற்றெளிமை என்றும் பிரித்து மதிப்பிட்டனர். இளங்காளையின் மதிப்பு ஊகத்திற்கு நெருக்கமானது. கன்றுகள் பெருகப் பெருக அதன் நம்பகம் கூடும்.

அட்லாண்டிக்கின் மறுகரையில், எண்களால் திருத்தப்படாத தேர்வு எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்குப் பெல்ஜியன் புளூ இனம் சான்றாகிறது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணு செயலிழப்பதால் தோன்றும் இரட்டைத் தசைத் தன்மையை, அம்மரபணு 1997இல் அடையாளம் காணப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பெல்ஜிய வளர்ப்போர் களத்திலும் இறைச்சிக் கடையிலும் போற்றி நிலைநிறுத்தினர். கன்று அகன்று பிறக்க, தாயின் இடுப்புக்கூடோ குறுகிவர, அவ்வினத்தில் 90 சதவீதத்திற்கும் மேற்பட்ட கன்றுகள் வயிற்றைக் கீறியே எடுக்கப்படுகின்றன. கால்நடை மருத்துவர் எளிதில் கிடைப்பதும் கன்றின் விலை மிகுவதும் அங்கு இவ்வழக்கம் நிலைக்கத் துணைநின்றன. பரந்த மேய்ச்சல் நிலங்களில் இது நடைமுறையாகாது.

அமெரிக்காவில் இளைஞர் போட்டிகளுக்கென்றே மாடு வளர்க்கும் ‘கிளப் காஃப்’ சந்தை, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேன்-ஆஞ்சு, கியானினா, ஷார்ட்ஹார்ன், ஆங்கஸ் இரத்தங்களைக் கலந்து தடித்த எலும்பும் அடர்ந்த மயிரும் கொண்ட காளைகளை உருவாக்கியது. வயதுப் பிரிவுகள் பிறந்த மாதத்தை ஒட்டி அமைந்தமையால், ஒரு பிரிவில் மூத்த கன்றே பெரிதாய் நிற்கும் என்று கருதிப் பலர் கடுங்குளிர் மாதங்களில் ஈற்று நிகழுமாறு சினைப்படுத்தினர். குளிரில் கருப்பைக்குச் செல்லும் இரத்தம் மிகுந்து கன்றின் எடையும் கூடுவதால் கிடேரியின் துன்பம் பெருகியது. இப்பின்னணியில், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பின்னங்காலின் கணைக்கால் எலும்பு வளராத கன்றுகளும், நுரையீரல் வளராமல் உடல் முழுதும் நீர்கோத்து வீங்கிய கன்றுகளும் பிறக்கலாயின. பின்னவை வீக்கத்தால் தாயின் உயிருக்கே இடராயின. இரண்டும் ஒடுங்கு மரபணுக் கேடுகள் என்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பீவர் நிறுவிச் சோதனை முறையையும் உருவாக்கினார். 2008இல் ஆங்கஸ் இனத்தில் வெளிப்பட்ட வளைந்த கன்று நோயின் மரபணுவையும் அவரே கண்டறிந்தார். குள்ளக் கன்றுகளின் காலத்தில் 16 ஈற்றுகள் கேட்ட உறுதியை, இப்போது சில மயிரிழைகளே தந்தன. ஆயினும், குறை சுமக்கும் காளையைக் குறையற்ற பசுவுடன் மட்டும் இணைத்தால் நோயுற்ற கன்று பிறவாது என்பதால், களத்தில் வெல்லும் குறைக்காளைகளைத் தெரிந்தே பயன்படுத்தியோரும் இருந்தனர்.

எண்களும் மரபணுச் சோதனையும் கிடைத்துவிட்ட பின்னரும் தேர்வு எளிதாகிவிடவில்லை. பிறப்பெடையை மட்டும் குறைத்துக்கொண்டே சென்றால், அக்காளையின் மகள்களும் சிறிய எலும்புக்கூட்டுடன் வளர்ந்து, தம் தலையீற்றில் இடர்ப்படலாம். நேர் ஈற்றெளிமையும் தாய்வழி ஈற்றெளிமையும் சற்றே எதிரெதிராக இயங்குவதே இதற்குக் காரணம். கிடேரிகளுக்கென எளிதில் ஈனச் செய்யும் காளையையும் முதிர்ந்த பசுக்களுக்கென வளர்ச்சி மிக்க காளையையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் பண்ணைகள், டெக்சாஸ் நெடுங்கொம்புக் காளையையோ எடை குறைந்த ஆங்கஸ் காளையையோ முதல் ஈற்றுக்கு மட்டும் பயன்படுத்திய பழைய நடைமுறையைப் புள்ளிவிவரத்துடன் தொடர்கின்றன. கண்காட்சி வளர்ப்போருக்கு அது கடினம்: முதற்கன்றே களத்திற்குச் செல்ல வேண்டும் என்ற விருப்பம், கிடேரிக்கும் பெரிய காளையைத் தேர்ந்தெடுக்கத் தூண்டுகிறது. இருநூறு ஆண்டு வரலாறு உணர்த்துவது, ஈற்றின் முடிவைப் பரிசுடன் அல்லது விலையுடன் கட்டாயமாக இணைத்தபோது மட்டுமே வளர்ப்போரின் தேர்வு மாறியது என்பதுதான். அத்தகைய கட்டாயம் இல்லாத இடங்களில், மதிப்பெண் ஏட்டில் இருந்தாலும் காளை களத்தின் கண்ணாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது.